கப்பல் வரவு

எங்கள் வீட்டில் லாபம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நான்தான். பங்குனி மாதம், கடைக் கணக்கு முடிக்கிற நாள் நெருங்க நெருங்க, மற்றவர்கள் சாமிப் படத்துக்கு முன் நின்று ஒன்று கேட்டார்கள். நான் அதே படத்துக்கு முன் நின்று அதற்கு நேர் எதிரானதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, குழந்தைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்து, கேட்டதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் மறுபடியும் கேட்டேன்.

கடை என் கணவரின் அண்ணனுடையது. இவருக்கும் அதில் சிறு பங்கு உண்டு. பினாங்குக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் ஜவுளி வியாபாரம் செய்த ஒருவர் பெரும் பணம் போட்டிருந்தார். பினாங்குத் தெருவில் கீழே கடை, மேலே வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் ஊருக்குப் பணம் அனுப்ப எங்களிடம் வருவார்கள். இங்கே வெள்ளியாக வாங்கி, நாகப்பட்டினத்தில் இருந்த முகவர் மூலம் அங்கே ரூபாயாகக் கொடுப்பதுதான் தொழில். தொகை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. வாங்குகிறவர் பெயர், ஊர், வீட்டுக்கு அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். தெருப் பெயர் தெரியாதவர்கள், "குளத்தங்கரையிலேருந்து மூணாவது வீடு, வாசல்ல முருங்கை நிக்கும்" என்பார்கள். முருங்கையும் எழுதப்படும். பணத்தை வாங்கியவர் சீட்டில் கைநாட்டு வைப்பார். அது அடுத்தடுத்த கப்பல்களில் திரும்பி வந்ததும், அனுப்பியவர் கடைக்கு வந்து அந்தக் கைநாட்டைப் பார்த்துவிட்டுப் போவார். சிலர் அதன் மேல் விரலை வைத்துத் தடவுவார்கள். கடைக்குக் கிடைப்பது அனுப்புகிற கூலியும், வெள்ளியை ரூபாயாக மாற்றுவதில் நிற்கிற கொஞ்சமும்.

அந்த வருஷத்துக்கு ஜவுளிக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். லாபம் ஐயாயிரம் வெள்ளியைத் தொட்டால் முகவரை விட்டுவிட்டு நாகப்பட்டினத்தில் சொந்தக் கிளை திறப்பது. தொடாவிட்டால் அந்தப் பேச்சையே விடுவது. கிளை திறந்தால் போக வேண்டியவர் என் கணவர். மூன்று வருஷம். குடும்பம் கூடப் போகக் கூடாது. குடும்பத்தோடு போனால் ஆளின் கால் வீட்டையே சுற்றும், கிராமம் கிராமமாக நடக்காது என்பது என் கணவரின் அண்ணன் கட்டிய சட்டம். எங்கள் மகனுக்கு அப்போது எட்டு மாதம். நெஞ்சில் எப்போதும் சளி. அவன் மூச்சு விடுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே இருக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. நான் ஓய்ந்தால் எண்ணுவதற்கு இவர் ஒருவர்தான்.

ரப்பர் விலை விழுந்திருந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தன. வாரம் தவறாமல் ஜனங்கள் கப்பலேறி ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பணம் அனுப்ப ஆளே இல்லாத வருஷத்தில் லாபம் எங்கிருந்து வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை பேர் வேலை இழந்ததில் எனக்கு ஆறுதல் கிடைத்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

எங்கள் மாடியின் முன்னறைத் தரையில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஓட்டை உண்டு. மர மூடியைத் தூக்கினால் கீழே கடை வாசலில் நிற்பது யார் என்று பார்க்கலாம். கடைக்கும் வீட்டுக்கும் நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் அதன் வழியாகத்தான். கயிற்றில் கட்டிய சிறு கூடை ஒன்று போகும், வரும். இவருடைய அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியிடமோ மனைவியிடமோ சொல்வார். நான் அதே அறையில் இருந்தாலும் அப்படித்தான்.

நான் கான்வெண்டில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அதனால் என் ஓரகத்தி என்னை "டீச்சரம்மா" என்பார். மரியாதைக்காக அல்ல. குழந்தை எப்போது இருமினான், எத்தனை தடவை, எவ்வளவு பால் குடித்தான் என்று நான் எழுதி வைப்பதைப் பார்த்து, "இருமலுக்குப் பேரேடு போடுற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்று பசாரில், சந்தைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். எழுதக் காகிதம் கேட்டால் யார் தருவார்கள்? ஊரிலிருந்து பணம் பட்டுவாடா ஆகாமல் திரும்பிய சீட்டுகளைக் கணக்குப்பிள்ளை பதிவு செய்துவிட்டுக் குப்பைக்கூடையில் போடுவார். அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். அந்த வருஷம் அவை நிறையவே வந்தன. முகவரின் எழுத்தில் ஒன்றில் "வீடு பூட்டு", இன்னொன்றில் "விலாசம் தெரியவில்லை", பெரும்பாலானவற்றில் "ஆள் இல்லை." நான் மறுபக்கத்தைத்தான் பார்த்தேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் கீழே குரல் கேட்டு மூடியைத் தூக்கினேன். மேலிருந்து தெரிந்தது ஒரு தலைப்பாகையும் செருப்பில்லாத இரண்டு பாதங்களும்தான்.

"சிம்பாங் அம்பாட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலேருந்து வரேனுங்க. தங்கச்சிக்குப் பணம் கட்டி அஞ்சு மாசமாச்சு. கைநாட்டு இன்னும் வரலீங்களே?"

"கப்பல் என்ன உன் தங்கச்சிக்காகவா ஓடுது?" என்றார் கணக்குப்பிள்ளை. "போயிருக்கும், போ."

"வாங்கியிருப்பாளுங்களா?"

"காசு வேணாம்னு சொல்ற தங்கச்சியா உனக்கு? வாங்காம என்ன?"

அந்த ஆள் சிரித்தார். தோட்டத்தை மூடப்போவதாகவும், தெற்கே வேறு தோட்டத்தில் கேட்டிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். குழந்தை இருமினான். நான் மூடியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

பங்குனிக் கடைசி வாரம். கணக்குப்பிள்ளைக்குக் கண்ணில் புரை. அவர் எழுத்தை அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. ஜவுளிக்காரர் அதைச் சொல்லிச் சண்டை பிடித்ததால், வருஷ முடிவுக் கணக்கை நல்ல கையெழுத்தில் எழுத என்னைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்றா சொன்னேன்? கூடையில் ஏடுகள் மேலே வந்தன. கீழிருந்து இவருடைய அண்ணன் குரல்: "தம்பி, பாத்து எழுதச் சொல்லு. அடித்தல் திருத்தல் கூடாது."

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதினேன். அனுப்பும் கூலி, போன வருஷத்தை விடக் குறைவு. மாற்றில் நின்றது, அதுவும் குறைவு. என் மனம் இலேசானது. அதற்கு அடுத்த வரி: கப்பல் வரவு, எண்ணூற்று நாற்பது வெள்ளி. போன வருஷத்து ஏட்டில் அந்த வரி அறுபதைக்கூடத் தாண்டவில்லை. கடைசியில் கூட்டிப்போட்டால் லாபம் ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கப்பலில் வந்த வரவு என்ன? நாங்கள் கப்பல் விடுகிறவர்களா?

பேரேட்டை விட்டு நாள்வழிக் குறிப்புக்குப் போனேன். முகவர், கொடுக்க முடியாமல் போன தொகைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகத் திருப்பி அனுப்புவார். கணக்குப்பிள்ளைக்குக் கப்பலில் போனால் பற்று, கப்பலில் வந்தால் வரவு. முன்னெல்லாம் அனுப்பியவர்கள் வந்து கேட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்; வரி தானாகவே தேய்ந்துவிடும். இந்த வருஷம் அங்கே வாங்குகிறவரும் இல்லை, இங்கே அனுப்பியவரும் தோட்டத்தில் இல்லை. கேட்க ஆள் வராததால் பணம் வரவிலேயே நின்று, லாபமாகிவிட்டது.

என் துணிப்பெட்டிக்குள் இருந்த சீட்டுகளை எடுத்து, முதல் முறையாக முன்பக்கம் திருப்பினேன். "காலை ஆறு மணி, மூன்று தடவை இருமினான்" என்பதற்குப் பின்னால் ஒரு தாயார், பன்னிரண்டு வெள்ளி. "பால் கக்கினான்" என்பதற்குப் பின்னால் ஒரு மனைவி, ஏழு வெள்ளி. "மூச்சு சீராக இருக்கிறது" என்று நான் நிம்மதியாக எழுதியிருந்த சீட்டைத் திருப்பினால், சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பாலுள்ள தோட்டத்தின் பெயர், தங்கை, குளத்தங்கரை, முருங்கை, எட்டு வெள்ளி, ஆள் இல்லை. இருமலுக்கு நான் போட்டிருந்த தேதியைப் பார்த்தால், அவர் வந்து கேட்டுவிட்டுப் போன நாளில் அந்தச் சீட்டு என் பெட்டியில் இருந்திருக்கிறது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே ஒரு சந்தோஷம் வந்ததே, அதை எப்படிச் சொல்வது! எண்ணூற்று நாற்பதைக் கழித்தால் லாபம் ஐயாயிரத்தைத் தொடாது. கிளை இல்லை. இவர் போகமாட்டார்.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் யாருடையது என்பதற்காகச் சொல்லப் போகிறேனா, இவரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேனா? இரண்டாவதற்காகச் சொன்னால் அது நியாயமாகுமா? இவரிடம் வாயைத் திறக்கப் போய், "சளிக்குக் கற்பூரவள்ளி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். கடைசியில், கணக்குப்பிள்ளை எழுதியிருந்தபடியே பேனாவால் நல்ல பிரதி எழுதி முடித்து, அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு வரி சேர்த்தேன். பென்சில் என்றால் அழித்துவிடலாம். இவர் முன்கூட்டியே பார்ப்பார், சரி என்று பட்டால் அண்ணனிடம் சொல்வார், இல்லையென்றால் அழிப்பார். பொறுப்பு என்னைவிட்டுப் போய்விடும்.

இவர் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்குக் கற்கண்டும் வெற்றிலையும் வைத்து, ஏட்டுக்கு மஞ்சள் தடவி, கணக்கு வாசிக்க உட்கார்ந்தார்கள். ஓட்டையின் இரண்டு பக்கமும் நானும் என் ஓரகத்தி அக்காவும். கணக்கு வாசிப்பது என் கணவர். பள்ளிக்கூடத்துப் பையன் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல ராகம் போட்டு, மூச்சு விடாமல் வாசிப்பார். "...ஆக நிகர லாபம் வெள்ளி ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து, கப்பல் வரவு எண்ணூற்று நாற்பதும் ஊரிலிருந்து திரும்பிய பிறர் பணம், இதை நமது லாபம் என்று எழுதலாமா..." என்று அதே ராகத்தில் கேள்வியையும் பாடி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

கற்கண்டைக் கடித்துக்கொண்டிருந்த ஜவுளிக்காரர் கடிப்பதை நிறுத்தினார்.

"என்ன அது?" என்றார் இவருடைய அண்ணன்.

"பென்சில்ல எழுதியிருக்குண்ணே."

"யாரு எழுதினது?"

எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. அக்கா சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார். நான் நகர மறந்துவிட்டேன்.

"முப்பது வருஷமா கணக்கு எழுதுறேன் முதலாளி," என்று கணக்குப்பிள்ளை கத்தினார். "அடுப்படியிலேருந்து எனக்குப் பாடம் வருது! வந்தது வரவு இல்லாம என்ன? நானா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்?"

"நீங்க எடுத்தீங்கன்னு யாரும் சொல்லலை," என்றார், மலாய்க்காரர்களைப்போல 'லா' போட்டுப் பேசும் ஜவுளிக்காரர். "ஆனா எனக்குப் பங்குன்னு குடுக்கப் பாத்தீங்களேலா! நாளைக்கு எவனாவது வந்து என் கடை வாசல்ல நின்னு என் சட்டையப் பிடிப்பான்."

இவருடைய அண்ணன் ஏட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைத் தானே பார்த்தார். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். "இது நம்ம காசு இல்ல," என்றுதான் சொன்னார். "கழிங்க." கணக்குப்பிள்ளை கழித்தார். நாலாயிரத்து முந்நூற்று எழுபது. நான் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"எண்ணூறு வெள்ளி ஆள் இல்லன்னு திரும்பி வந்திருக்கு," என்று இவருடைய அண்ணன் மெதுவாகப் பேச்சைத் தொடர்ந்தார். "அத்தனை பேருமா செத்துட்டாங்க? அந்த முகவர் போய்ப் பாத்தானா? வெயிலுக்குப் பயந்து வீட்டுலேயே உக்காந்து எழுதியிருக்கான். இப்படி ரெண்டு வருஷம் போனா எவன் நம்மகிட்டப் பணம் கட்டுவான்? நம்ம ஆள் ஒருத்தன் அங்க இருந்தா இது நடக்குமா?"

"அதான் நானும் யோசிக்கிறேன்," என்றார் ஜவுளிக்காரர். "லாபம் வந்தாத்தான் கிளைன்னு சொன்னேன். இப்பப் பாத்தா, கிளை வந்தாத்தான் லாபம்போல."

"தம்பி, சித்திரை பிறந்ததும் கிளம்பிடு."

"சரிண்ணே," என்றார் என் கணவர்.

அக்கா மூடியை எடுத்து ஓட்டையின் மேல் போட்டார். "நீயே எழுதிக் கப்பல் ஏத்திட்டியே, டீச்சரம்மா," என்றார். சிரித்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பிட மேலே வந்தபோது இவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்கிட்ட முந்தியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அழிச்சிருப்பேன்," என்றார்.

அழித்திருந்தால் லாபம் ஐயாயிரத்தைத் தாண்டியிருக்கும், அப்போதும் போயிருப்பார். அழிக்காததாலும் போகிறார். அப்படியானால் நான் எழுதியதால் எதுவும் மாறவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. லாபத்துக்காக அனுப்பியிருந்தால், லாபம் விழுந்த வருஷத்தில் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது அனுப்பியது நம்பிக்கைக்காக. அதற்குக் கெடு ஏது?

கப்பல் புறப்பட்ட அன்று குழந்தைக்குக் காய்ச்சல். துறைமுகத்துக்குக்கூட நான் போகவில்லை.

மறு வாரம் கூடையில் ஒரு கட்டு மேலே வந்தது. "கண்டுபிடிச்சவங்களே ஆளையும் கண்டுபிடிக்கட்டும்னு சொல்லு," என்றது கீழிருந்த குரல். திரும்பி வந்த தொகைகளின் பட்டியல். ஒவ்வொரு தோட்டத்திலும் கணக்கு எழுதும் கிராணிக்கு, இன்ன ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டு நான் கடிதம் எழுத வேண்டும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுதினேன். பாதிக் கடிதங்களுக்குப் பதிலே இல்லை. தோட்டமே இல்லாதபோது பதில் எழுத யார் இருப்பார்கள்? சிலர் வந்து வாங்கிப்போனார்கள்.

சிம்பாங் அம்பாட் ஆளும் வந்தார். தெற்கே எங்கோ இருந்து ரயிலேறி, படகேறி வந்திருந்தார். எட்டு வெள்ளியைக் கணக்குப்பிள்ளை எண்ணி வைத்தார். வந்தவர் அதைத் தொடவில்லை.

"ஆள் இல்லன்னா என்னங்க அர்த்தம்?"

"இல்லன்னா இல்ல. எனக்கென்ன தெரியும்?"

"இத்தனை மாசமா அவ வாங்கிட்டா, சாப்பிட்டான்னு நெனச்சுட்டுக் கெடந்தேன். நீங்கதானே போயிருக்கும்னு சொன்னீங்க? இப்பக் காசக் குடுத்து அந்த நெனப்பப் பிடுங்கிக்கிறீங்க." குரல் உயர்ந்தது. "யாருய்யா என்னைத் தேடிக் கடுதாசி போடச் சொன்னது?"

கணக்குப்பிள்ளை விரலால் மேலே காட்டினார். நான் மூடியைப் போட்டேன். அதற்குப் பிறகும் சத்தம் கேட்டது. தன் தங்கையை அங்கே தேடச் சொல்லி என் கணவருக்கு எழுதும்படி நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நானே அந்த வாரம் இவருக்கு எழுதினேன். குளத்தங்கரை வீட்டில் முருங்கை மட்டும் நிற்கிறது என்று பதில் வந்தது.

இவருடைய கடிதங்கள் சுருக்கமானவை. நான் எழுதிய இருமலுக்கு அவர் பதில் வருவதற்குள் குழந்தைக்கு வேறு இருமல் வந்துவிடும். சீட்டுகளில்தான் அவர் விரிவாக எழுதினார். "வீடு இடிந்து கிடக்கிறது; விசாரித்து, மகள் வீட்டில் கண்டு கொடுத்தேன்." "ஆற்றைக் கடக்க முடியவில்லை. மறுநாள் போய்க் கொடுத்தேன்." ஒவ்வொன்றின் மூலையிலும் அவருடைய சுருக்கொப்பம். கூடையில் மேலே வரவழைத்து, அந்தச் சீட்டுகளை யாருக்கோ வந்தவை என்று தெரிந்தும் படித்தேன். ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ள முடியாது. கைநாட்டு இருக்கிறதே, அனுப்பியவருக்குக் காட்ட வேண்டும். பட்டுவாடா ஆகாமல் திரும்புகிற சீட்டு நின்றுபோனதால் இருமலை எழுதக் காகிதமும் இல்லை. நாலு காசு கொடுத்து ஒரு நோட்டு வாங்கினேன். அக்கா அதையும் விடவில்லை. "புருஷன் போனதும் செலவுக்கு வழி தெரிஞ்சுபோச்சு," என்றார்.

இந்தப் பங்குனியிலும் ஏடுகள் மேலே வந்தன. முதலில் நான் தேடியது கப்பல் வரவு. அந்த வரியே இல்லை. அனுப்பும் கூலி ஏறியிருந்தது. பினாங்குத் தெருக் கடையில் கட்டினால் ஊரில் போய்ச் சேரும் என்ற பேச்சு தோட்டங்களுக்குப் பரவியிருக்கிறது. லாபம் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. கூட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை. நாள்வழிக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை. ஏதாவது ஒரு தப்பு, யாருடைய பணமாவது, ஓர் எண்ணாவது இடம் மாறி உட்கார்ந்திருக்கக் கூடாதா? நானே ஒரு சைபரை விட்டுவிட்டால் என்ன என்றுகூடப் பேனா நின்றது. விடவில்லை. விட்டிருந்தால் கணக்குப்பிள்ளை கண்டுபிடிக்கமாட்டார். ஆனால் அந்த ஏடு என் கையெழுத்தில் அல்லவா இருக்கும்?

வாசித்தது இந்த முறை ஜவுளிக்காரர். திரும்பி வந்தது ஒன்றுமில்லை என்ற இடத்தில் நிறுத்தி, "பாருங்கலா!" என்று தொடையைத் தட்டினார்.

"மூணு வருஷம்னுதான் பேச்சு," என்றார் இவருடைய அண்ணன். "ஆனா இப்படி நடக்குறத ஏன் கலைக்கணும்? அவனே இருக்கட்டும். நான் எழுதிடுறேன்."

நான் ஓட்டையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் தவழ்ந்த காலம் போய், நடந்து வந்து குனிந்து, கீழே தெரிந்த வழுக்கைத் தலைகளைப் பார்த்து, "அப்பாவா?" என்று கேட்டான். எந்தத் தலையைக் கேட்டான் என்று தெரியவில்லை.

குழந்தையின் குரல் கேட்டு இவருடைய அண்ணன் நிமிரவில்லை. ஏட்டை மூடப்போனவர், அதைத் திறந்தே வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, மேலேதானே இருக்கே? அந்தப் பொண்ணுகிட்டக் கேளு. கணக்குல ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கணக்குப்பிள்ளைகூடக் காத்திருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். "கேக்குறாங்க பாரு, சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன். "எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுங்க."